கல்யாண டிவிடியை கன்வெர்ட் செய்யும்போது தரம் எங்கே போகிறது?

எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் கிடந்த கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் டிவிடிகளை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றும் வேலையைச் சில வருடமாக விட்டுவிட்டுச் செய்துகொண்டிருக்கிறேன். மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக், இந்த மூன்று மென்பொருள்களில்தான் பெரும்பாலும் வேலை முடிகிறது. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவை, கூட்டி வைத்தால் தரம் அப்படியே வரும் என்று பலரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை கன்வெர்ட்டில் படம் கெடுவதில் பிட்ரேட்டின் பங்கு குறைவு, டீஇன்டர்லேஸ் (வரி விட்டு வரியாகப் பதிந்த படத்தை முழு ஃபிரேமாக்குவது) செய்கிற விதத்தில்தான் பெரும்பாதி போகிறது.

நம் ஊர் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576 பிக்சல், எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறை. வீடியோவுக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் வரை கொடுக்கலாம் என்பது விதி, ஆனால் கல்யாண டிவிடியில் யார் கொடுத்தார்கள்? 4.7 ஜிபி தட்டில் மூன்று மணி நேரத்தை அடைத்தால் ஒலியையும் சேர்த்தே சராசரி மூன்றரை மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும். அதே காட்சி மினிடிவி (MiniDV) கேமரா டேப்பில் 25 மெகாபிட்டில் இருந்தது. அதாவது நாம் கன்வெர்ட் செய்வதற்கு முன்பே, மிக்ஸிங் நடந்த இடத்திலேயே ஒரு பெரிய இழப்பு முடிந்த கதை. சந்தேகமிருந்தால் தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழுகிற சில நொடிகளை நிறுத்திப் பாருங்கள், மணமேடையே கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். இதை எச்.264 என்ற புதிய சுருக்க முறைக்கு மாற்றும்போது என்கோடருக்கு (சுருக்கும் நிரலுக்கு) எது அரிசி, எது கட்டம் என்று தெரியாது, இரண்டையும் படம் என்றே எடுத்துக்கொண்டு கட்டத்துக்கும் பிட் செலவழிக்கும். பிட்டைக் குறைத்தால் எல்லாவற்றையும் சேர்த்து மெழுகிவிடும். விஎச்எஸ் டேப்பிலிருந்து வந்த டிவிடி என்றால் இரைச்சல் வேறு, ஹேண்ட்பிரேக்கில் தர அளவான ஆர்எஃப்பை 18 என்று (எண் குறைந்தால் தரம் கூடும்) வைத்தால் சில சமயம் கோப்பு பழைய அளவுக்கே வந்து நிற்கும். அப்புறம் எதற்குக் கன்வெர்ட்?

அதனால் முதல் வேலையாக மேக்எம்கேவியில் போட்டு எம்கேவி ஆக எடுத்து வைத்துவிடுகிறேன். அது என்கோடு செய்வதில்லை, பெட்டியை (கோப்பு வடிவத்தை) மட்டும் மாற்றுகிறது, ஒரு பிக்சல்கூடக் குறையாது. ஒரு டிபி டிஸ்கில் இப்படி இருநூறு தட்டுக்கு மேல் கொள்ளும். தட்டில் உள்ள விஓபி வீடியோ கோப்புகளைக் காப்பி செய்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. நடுவில் டைம்ஸ்டாம்ப் (நேரக் குறி) திரும்பப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் தள்ளிப் பார்க்கும்போது எங்கோ போய் நிற்கும்.

சரி, போனில் பார்க்கவும் பெரியம்மாவுக்கு அனுப்பவும் சின்னக் கோப்பு வேண்டும்தான். ஹேண்ட்பிரேக் எப்போதுமே புதிதாக என்கோடு செய்யும், ஆகவே அமைப்பில் கவனம் வேண்டும். டிவிடியில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு, ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அதற்கு ஐம்பதில் ஒரு நொடி தள்ளி. ஆக அசைவு 50 முறை பதிவாகியிருக்கிறது. சாதாரணமாக டீஇன்டர்லேஸ் செய்தால் 25தான் மிஞ்சும், மாப்பிள்ளை அழைப்பில் கார் நகர்வதும் ஆட்கள் நடப்பதும் இழுத்து இழுத்துத் தெரியும். டிவியில் ஓடியபோது வழுவழுவென்று இருந்ததே, இப்போது ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். நான் பிடபிள்யூடிஐஎஃப் என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர், அதில் ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கும் பாப் முறை வைத்து 50 ஃபிரேமாக எடுக்கிறேன், ஃபிரேம் ரேட் மூலத்தில் உள்ளபடி என்று இருக்க வேண்டும், உச்சம் 30 என்ற ப்ரீசெட்டில் (தயார் அமைப்பில்) விட்டால் ஐம்பதை முப்பதாக வெட்டி இன்னும் மோசமாகும். க்யூடிஜிஎம்சி என்ற இன்னொரு டீஇன்டர்லேஸ் முறை இதைவிட நன்றாக வரும், ஆனால் என் லேப்டாப்பில் ஒரு தட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடுகிறது, முகூர்த்தப் பகுதிக்கு மட்டும் அதைச் செய்கிறேன்.

எல்லாவற்றையும்விட மோசம், டீஇன்டர்லேஸ் செய்யாமலே அளவை மாற்றுவது. நண்பர் ஒருவர் கடையில் கொடுத்து பென்டிரைவில் வாங்கி வந்த கோப்பு அப்படித்தான் இருந்தது, யார் கை அசைத்தாலும் சீப்புப் பல் மாதிரி கோடு, கோடுகள் படத்தோடு கலந்துவிட்டதால் இனி எந்த ஃபில்டரும் ஒழுங்காக எடுக்காது. நல்லவேளை, தட்டு அவரிடமே இருந்தது. இன்னொன்று ஃபீல்டு வரிசை. மினிடிவியில் கீழ் ஃபீல்டு (இரட்டை வரிகள்) முதலில், டிவிடியில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு (ஒற்றை வரிகள்) முதலில். தவறாகக் குறித்த தட்டு என்றால் அசைவு முன்னும் பின்னும் உதறும், எஃப்எஃப்எம்பெக்கில் கையால் மாற்ற வேண்டும்.

பிக்சல் சதுரம் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 4:3 தட்டு 768க்கு 576 ஆகத் தெரிய வேண்டும், 16:9 என்றால் 1024க்கு 576. அப்படியே 720 அகலத்தில் விட்டால் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள், சிலருக்கு அது பிடிக்கவும் செய்கிறது. யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றினால் 50 ஃபிரேம் 720பி முதல்தான் கிடைக்கும் என்பதால் அதற்கு மட்டும் பெரிதாக்குகிறேன், அப்போது வண்ணத்தை டிவிடிக்கான 601 முறையிலிருந்து எச்டிக்கான 709 முறைக்கு மாற்றாவிட்டால் பட்டுப்புடவையின் சிவப்பும் பச்சையும் லேசாகத் தடம் மாறும். ஏஐ வைத்துப் பெரிதாக்கியும் பார்த்தேன், கிட்டத்து முகங்கள் பரவாயில்லை, பந்தியில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புதுசாக யாருடைய முகத்தையோ வைக்கிறது. வேண்டாம்.

ஒலியைத் தொடவே தேவையில்லை, ஏசி3 (டால்பி ஒலி வடிவம்) என்றால் அப்படியே பாஸ்த்ரூ, அதாவது மாற்றாமல் நகல்.

படிக்காமல் அடம்பிடிக்கும் தட்டுகளுக்கு டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு நிரலைப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு டிரைவில் நின்ற இடம் இன்னொரு பழைய டிரைவில் ஓடிவிடுவதும் உண்டு, எது படித்தாயிற்று, எது பாக்கி என்று அது குறித்துவைக்கும் ஒரே மேப் கோப்பை வைத்து இரண்டு டிரைவிலும் மாறி மாறி ஓட்டினால் விட்ட இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும்.