ஐரோப்பாவா, அமெரிக்காவா? சாவிங்கா சகோதரிகளின் இரண்டு வழிகள்

ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து கிளம்பி ஸ்வீடன், அப்புறம் சீனாவின் வூஹான் என்று கால்பந்து வீராங்கனை தபிதா சாவிங்காவும் அவரைப் போலவே கால்பந்து ஆடும் தங்கை டெம்வாவும் போன பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான், பிரிந்தது அதற்குப் பிறகு. அக்கா ஐரோப்பாவுக்கே திரும்பினார்: இன்டர் மிலானில் 2022-23இல் இத்தாலிய லீகிலேயே அதிக கோல், பிறகு பிரான்சில் பாரிஸ் அணி, 2024இல் லியோன் அணி. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும், ஆனால் லியோன் போன்ற அணியில் நட்சத்திரங்கள் நடுவே இடம் பிடிப்பதே பெரும் போராட்டம்.

டெம்வா 2024இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி கரன்ட் அணிக்குப் போனார். பெண்கள் அணிக்கென்றே கட்டிய மைதானம், முதல் பருவத்திலேயே 20 கோல், அமெரிக்கப் பெண்கள் லீகில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை, சிறந்த வீராங்கனை விருது வேறு! கோலடிக்கும் பெண்ணுக்கு அமெரிக்காதான் சரி என்பேன்.