மின்சார லாரியில் ஒன்றரை வருடம்: தூரம் பிரச்சினையே இல்லை, நிற்கிற இடம்தான்

ஒன்றரை வருடமாக 40 டன் மின்சார லாரி ஓட்டுகிறேன், முக்கால்வாசி நெடுஞ்சாலைதான். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?". புதிதில் எனக்கும் அதே பயம். இப்போது கவலை வேறு: சார்ஜர் இருக்கிற இடத்தில் ட்ரெய்லரோடு நுழைய முடியுமா, நுழைந்தால் போதுமான மின்சாரம் வருமா.

முழு லோடில் 80 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 யூனிட் ஆகிறது, எதிர்காற்றிலும் குளிரிலும் இன்னும் கூடும். அதாவது மணிக்கு நூறு யூனிட்டுக்கு மேல். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம், அந்த நேரத்திலேயே ஏற்றிவிடலாம் என்பார்கள். 350 கிலோவாட் சார்ஜரில் 45 நிமிடத்துக்கு 260 யூனிட், அதுவும் காகிதத்தில். அது 200 கி.மீ.க்குத்தான் வரும், நான் ஓடிவந்ததோ 350.

அப்புறம் இடம். பெரும்பாலான சார்ஜர்கள் காருக்காகப் போட்டவை. ஒருமுறை ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டு, லாரியின் தலையை மட்டும் கொண்டுபோய்ச் சொருகி, திரும்ப மாட்டி முடிப்பதற்குள் ஓய்வு என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது.

மெகாவாட் சார்ஜர் (உச்ச அளவு 3.75 மெகாவாட்) வந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் பத்து லாரி ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு மெகாவாட் இழுத்தால் பத்து மெகாவாட், சின்ன ஊருக்கான மின்சாரம். சார்ஜரை வாங்கி வைத்துவிடலாம், அதுவரை கனமான லைன் இழுத்து வருவதுதான் பெரிய வேலை.

ரயில் போல மேலே கம்பி போடுவதை ஸ்வீடன் 2016-ல் இ16 சாலையிலும் ஜெர்மனி 2019-ல் ஏ5 சாலையிலும் சோதித்துப் பார்த்தன. ஓடிக்கொண்டே ஏற்றலாம், நிற்கவே வேண்டாம். கம்பியிலிருந்து 300 கிலோவாட் எடுத்தால் நூறு கிலோவாட் ஓட்டத்துக்குப் போக மீதி பேட்டரிக்கு, ஆக வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரம் கம்பி இருந்தாலே போதும். தினமும் ஒரே தடத்தில் நூற்றுக்கணக்கில் லாரி ஓடுகிற சாலைக்கு இதுதான் சரி என்பேன். ஆனால் கம்பி இல்லாமல் யாரும் கம்பியில் ஓடும் லாரி வாங்க மாட்டார்கள், அந்த லாரி இல்லாமல் யாரும் கம்பி போட மாட்டார்கள்.

புதிதாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று: கிளம்பியதும் மலை இறக்கம் என்றால் இரவு சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள். பேட்டரி நிறைந்திருந்தால் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரிலிருந்து வரும் மின்சாரம் போக இடமில்லாமல், 40 டன்னை டிஸ்க் பிரேக்கை வைத்தே பிடிக்க வேண்டியிருக்கும். முதல் வாரமே அந்தக் கருகல் வாசனை பிடித்தேன்.