பட்டாயாவின் கே இரவுகள்: பகலுக்கு முழு மதிப்பெண், ராத்திரிக்கு ஒரு புகார்

2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா தேவையில்லை என்று சொன்னதிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பட்டாயா இப்போ எப்படி? நம்பிப் போகலாமா?" கேட்பவர்கள் என்னைப் போலவே கே ஆண்கள், அதாவது ஆண்களை நேசிக்கிற ஆண்கள். கோவிடுக்கு முன்னாலிருந்தே நான் போய் வருகிறவன் என்று அவர்களுக்குத் தெரியும். கடந்த டிசம்பரில் மறுபடியும் போய்விட்டு வந்த சூட்டோடு எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். டிக்கெட் விலை, கோரல் தீவுப் படகு, எந்த ஓட்டலில் இட்லி கிடைக்கும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பழைய நினைப்பில் போகிறவர்கள் முதலில் தப்பான தெருவில்தான் போய் நிற்பார்கள். நான் போக ஆரம்பித்த காலத்தில் பட்டாயாவில் கே பார் என்றாலே பாய்ஸ்டவுன்தான். பீச் ரோட்டுக்கும் செகண்ட் ரோட்டுக்கும் நடுவே, ராயல் கார்டன் மாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சந்து. இரண்டு பக்கமும் பார், கோ-கோ என்கிற மேடை நடன விடுதி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயதான வெள்ளைக்காரர்கள். இன்னும் மலிவாக வேண்டும் என்றால் சுனீ பிளாசா. அது கோவிடுக்கு முன்பே தேய ஆரம்பித்துவிட்டது. 2020-லும் 2021-லும் பார்களை மாதக்கணக்கில் மூடி வைத்ததில் பாய்ஸ்டவுனும் படுத்துவிட்டது. இப்போது அந்தச் சந்தில் நடந்தால் சாயங்காலம் ஆகியும் ஷட்டர் ஏறாத கடைகள்தான் கண்ணில் படுகின்றன.

கூட்டம் மொத்தமும் தெற்கே ஜோம்தியனுக்குப் போய்விட்டது. தப்ரயா ரோட்டை ஒட்டி ஜோம்தியன் காம்ப்ளெக்ஸ் என்று ஓர் இடம். அதற்குள் கிளை பிரியும் சந்துகள், சந்து முழுக்க முன்பக்கம் சுவரே இல்லாத பார்கள். கதவு, திரை, இருட்டு எதுவும் கிடையாது. ஒரு பாரில் உட்கார்ந்தால் எதிர் பாரில் யார் இருக்கிறார்கள் என்று முகம் பார்த்துச் சொல்லிவிடலாம். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேல் நட்டநடுச் சந்திலேயே டிராக் ஷோ, அதாவது ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடிப் பாடும் நிகழ்ச்சி, நடக்கும். இறகு வைத்த கிரீடத்தோடு ஒருவர் மேஜைகளுக்கு நடுவே பாடிக்கொண்டே வருவார். பின்னாலேயே மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஹாரன் அடித்து வழி கேட்கும். 2023 டிசம்பரிலிருந்து உரிமம் பெற்ற இரவு விடுதிகள் விடிகாலை நாலு மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்த பகுதிகளில் பட்டாயா இருக்கும் சோன்புரி மாகாணமும் ஒன்று. ஆனால் ஜோம்தியன் சீக்கிரம் தூங்குகிற ஊர். நள்ளிரவு தாண்டினால் கூட்டம் கரைய ஆரம்பித்துவிடும். எனக்கு அது பிடிக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதுதான் தோதான நேரம்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்தே ஜோம்தியனுக்கு நேர் பஸ் இருக்கிறது, தப்ரயா ரோட்டில் கொண்டுவந்து இறக்கிவிடும். டாக்ஸிக்காரர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 2025 மே முதல் தேதியிலிருந்து வருகைப் படிவத்தை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும், இலவசம்தான். சரி, தகவல் இதோடு போதும்.

பகலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது ராத்திரி இல்லை. ஜோம்தியன் கடற்கரையின் வடக்கு முனைக்கு டோங்தான் என்று பெயர். அதில் ஒரு பகுதி ரொம்ப வருஷமாகவே கே கடற்கரை. பலகை வைத்துச் சொல்லவில்லை என்றாலும் குடைகளுக்கு நடுவே வானவில் கொடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பகலில் அந்தப் பாதையில் வண்டிகளை விடுவதில்லை. மர நிழல் உண்டு. நான் முதலில் பார்த்தபோது அலை நாற்காலிக் காலைத் தொடும் அளவுக்கு மணல் குறுகிக் கிடந்தது. இப்போது மணல் கொட்டிக் கரையை அகலப்படுத்திவிட்டார்கள். தண்ணீர் வரைக்கும் நன்றாக நடக்க வேண்டியிருக்கிறது.

அங்கே நாற்காலி வாடகைக்கு விடும் ஒரு அம்மா இருக்கிறார். அறுபது வயது இருக்கும். நான் ஒருமுறை முதுகுவலி என்று சைகையில் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் எப்போது போனாலும் சாய்வு நாற்காலியின் கம்பியை இரண்டாவது காடியில் மாட்டி, துண்டை நாலாக மடித்து இடுப்புக்கு வைத்துவிட்டுத்தான் நகர்வார். குடையை வெயில் போகிற திசைக்கு மணிக்கொரு தடவை சாய்த்துவிடுவார். பகல் முழுக்க நான் கேட்கும் தண்ணீர், இளநீர், சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட், சுட்ட இறால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் என் நாற்காலி நம்பருக்கு எதிரே குறித்துக்கொள்வார். முன்பணம் கேட்டதே இல்லை. குளிக்க இறங்கினால் என் பையைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்வார். சூரியன் இறங்கும்போது நோட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டுவார். கணக்கு தாய்லாந்துக் காசில் ஒரு பாட் கூட ஏறாது, குறையாது.

அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பதே எனக்கு ஒரு நிம்மதி. எழுபது வயது ஜெர்மன்காரரும் அவரைவிடக் கொஞ்சம் இளைய தாய்லாந்துக்காரரும் ஒரே தட்டில் மாம்பழம் சாப்பிடுவார்கள், ஒருவருக்கு மாத்திரை நேரத்தை இன்னொருவர் ஞாபகப்படுத்துவார். சென்னையில் வளர்ந்த எனக்கு வயதான கே ஜோடி என்ற காட்சியே கிடைத்ததில்லை. நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 வரை நாங்கள் சட்டப்படி குற்றவாளிகள். 2023 அக்டோபரில் திருமண உரிமை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சட்டப்படி திருமணப் பதிவு செய்துகொள்ளலாம். தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல் நாடு. அந்தச் சட்டம் வந்த பிறகு நான் போனது இதுவே முதல் தடவை. ஊர் பார்வைக்கு மாறவில்லை, ஆனால் ஹோட்டல் வரவேற்பில் நானும் என் துணைவரும் போய் நின்றபோது அந்தப் பெண் கட்டில் பற்றி எதுவும் கேட்காமல் ஒரே பெரிய கட்டில் போட்ட அறைச் சாவியை நீட்டினார். நம்மூர் ஹோட்டல்களில் "ட்வின் பெட்தானே சார்?" என்று அழுத்திக் கேட்கும் அந்தத் "தானே" இல்லாத ஒரு வாரம் என்ன சுகம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

இனி ராத்திரி.

தாய்லாந்து பார்களில் பில் முறை இப்படி: உட்கார்ந்ததும் நமக்கு எதிரே ஒரு சின்னக் குவளை வைப்பார்கள், மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ. ஒவ்வொரு பானம் வரும்போதும் அதற்கான சீட்டைச் சுருட்டி அதில் செருகுவார்கள். கிளம்பும்போது "செக் பின்" என்றால் சீட்டுகளை எடுத்துக் கூட்டிச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. உன்னை நம்புகிறேன், நிதானமாகக் குடி என்று அந்தக் குவளை சொல்கிற மாதிரி இருக்கும்.

இந்த முறை காம்ப்ளெக்ஸுக்குள் நுழைந்த முதல் நாளே வாசலில் நின்ற பையன் கையை ஆட்டி நிறுத்தினான். "திஸ் கே பார், ஓகே? பாய், பாய். நோ லேடி." தெரியும் தம்பி, அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன். அடுத்த பாரிலும் அதே வசனம். அடுத்த நாளும் அதே. எனக்கு முன்னால் நுழைந்த வெள்ளைக்காரரிடம் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. முன்பெல்லாம் எப்போதாவது கேட்பார்கள், இந்தத் தடவை கேட்காத பாரை எண்ணிவிடலாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு பாரில் நானும் என் துணைவரும் உட்கார்ந்து பீர் சொன்னோம். பக்கத்து மேஜையில் ஓர் ஐரோப்பியர், அவர் முன்னால் குவளை, அதில் மூன்று நான்கு சீட்டுகள். எங்களுக்குக் குவளை வரவில்லை. பீர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பையன் உள்ளங்கையை நீட்டியபடியே நின்றான். "பே நவ்." குவளை எங்கே என்று கேட்டேன். அவன் திரும்பி கல்லாவில் இருந்தவரைப் பார்த்தான். அவர் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். காரணம் கேட்டதற்குப் பையன் சங்கடத்தோடு சொன்னான்: "இந்தியன், சம்டைம் நோ பே." காசை வைத்தோம். பீரில் பாதி அப்படியே இருந்தது, எழுந்துவிட்டோம். பிறகு வேறு இரண்டு பார்களிலும் இதே கதை நடந்தது. குவளை வைத்துக் கௌரவமாக நடத்திய பார்களும் இருந்தன. ஆனால் மனசு அந்த நீட்டிய உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பட்டாயாவுக்கு இந்தியாவிலிருந்து பேக்கேஜ் டூரில் வருகிற ஆண்கள் கூட்டம் பெரிசு. அல்கசார் என்ற திருநங்கையர் நடன ஷோ பார்த்துவிட்டு, குடித்துவிட்டு, வேடிக்கை பார்க்க ஜோம்தியன் வரை வந்துவிடுகிறார்கள். என் கண்ணாலேயே பார்த்தேன்: எட்டுப் பத்துப் பேர், கேட்டால் நம் தமிழ். "டேய், இங்க பார்றா, வீடியோ எடுடா" என்று போனில் லைட் போட்டு, பார் பையன்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். ஒரு பானம் கூட வாங்கவில்லை. பையன்கள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவர்களில் நிறையப் பேர் தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள இசானிலிருந்தும் லாவோஸ், கம்போடியா, மியான்மரிலிருந்தும் வந்தவர்கள். ஓட்டலில் வேலை என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த வீடியோ எங்கே போய்ச் சேரும் என்ற பயம் அவர்களுக்கு இருக்காதா? பணத்துக்கு உடம்பு விற்பது அங்கே 1996 சட்டப்படி இன்னமும் குற்றம். ஆனால் ஊரே அதில்தான் நடக்கிறது, அதனால் போலீஸுக்கும் பயம், வாடிக்கையாளருக்கும் பயம் என்று அவர்கள் பாடு ரெண்டுங்கெட்டான். ஸ்விங் என்ற அறக்கட்டளை பட்டாயாவில் அவர்களுக்கு ஹெச்ஐவி பரிசோதனை, ஆலோசனை என்று பல வருஷமாக உழைக்கிறது. அந்தத் தொழிலைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, அந்தப் பையன்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தமிழ்க் கூட்டத்திடம் போய் நிறுத்தச் சொன்னேன். தமிழ் கேட்டதும் திடுக்கிட்டு, "சாரிண்ணா" என்று போனை உள்ளே வைத்தார்கள். அதில் ஒருவன் மட்டும் கடைசியாகத் தங்கி, "அண்ணா, நீங்க இங்க அடிக்கடி வருவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். வருவேன் என்றேன். மற்றவர்கள் கூப்பிட, போய்விட்டான்.

அதனால் வாசலில் கேட்பதை நான் மன்னிக்கிறேன். உள்ளே இருக்கும் பையன்களைக் காப்பாற்றத்தான் கேட்கிறார்கள். கேட்டுப் பதில் வந்தபின், பணம் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருப்பவன் முன்னால் குவளை வைக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பில் கொடுக்காமல் ஓடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எல்லாரிடமும் முன்பணம் வாங்குவது என்றால் எல்லாரிடமும் வாங்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோல் நிறத்தைப் பார்த்துக் குவளையை எடுத்து உள்ளே வைப்பது எந்த ஊர் நியாயம்? சொந்த ஊரில் ஒளிந்து வாழ்கிறவன், ஒளிய வேண்டாம் என்று நம்பி ஓர் இடத்துக்கு வருகிறான். அங்கேயும் அவனை ஓரக்கண்ணால் பார்த்தால் அவன் வேறு எங்கேதான் போவான்? அதே கடற்கரையில் பகல் முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டு என்னை நம்புகிற அம்மாவுக்கும் இவர்களுக்கும் நடுவே பத்து நிமிட நடைதான்.

போகலாமா என்று கேட்டவர்களுக்கு: போங்கள். ஜோம்தியனில் தங்குங்கள், பட்டாயா நடுவூரில் வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல வானிலை, செப்டம்பர், அக்டோபர் மழை. பகலை டோங்தானில் கழியுங்கள், ஜோடியாகப் போனால் இன்னும் நல்லது. ராத்திரி காம்ப்ளெக்ஸில் ஷோ பாருங்கள், டிப்ஸ் வையுங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். உட்கார்ந்ததும் குவளை வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் எழுந்துவிடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பார் இருக்கும்.

நான் இந்த டிசம்பருக்கு பாங்காக் மட்டும்தான் போட்டிருக்கிறேன். அங்கே கே பார்கள் இருக்கும் சீலோம் சோய் 4 தெருப் பக்கத்தில் அறை. எக்கமாய் பஸ் நிலையத்திலிருந்து பட்டாயா இரண்டரை மணி நேரம்கூட ஆகாது, துணைவரும் ஒருநாள் போய் அந்த அம்மாவையாவது பார்த்துவிட்டு வரலாம் என்கிறார். இந்த வருஷம் எனக்கு மனசு வரவில்லை.