ரிப்பன், ஹெக்ஸம் ஒரு நாள் வேன் டூர்: பிஷப் வில்ஃப்ரிட்டைத் தேடிப் போன கதை

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் யார்க்கிலிருந்து கிளம்பும் ஒரு நாள் வேன் டூரில் போய்வந்தேன். எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி அம்மா, ஆளுக்கு 65 பவுண்டு, மதியச் சாப்பாடு நம் செலவு. நாலு கோட்டை, ஒரு கடற்கரை என்று சுற்றிக்காட்டும் டூர் இல்லை இது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்ஃப்ரிட் என்ற ஒரே ஒரு பிஷப்பின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கட்டிய இரண்டு நிலவறைகளில், காலையில் ரிப்பனிலும் மாலையில் ஹெக்ஸமிலும், நம்மை இறக்கிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ரிப்பன். பெயரைக் கேட்டதும் சென்னை ரிப்பன் மாளிகை ஞாபகம் வரும், அந்த ரிப்பன் பிரபுவின் பட்டத்தில் இருக்கும் ஊர் இதுதான். கதீட்ரலில் தரைக்கு மேலே நாம் பார்ப்பதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் கட்டியது. கீழே இருக்கும் நிலவறை மட்டும் 672-ல் வில்ஃப்ரிட் கட்டியபடியே நிற்கிறது. படி இறங்கினால் ஒரு ஆள் போகும் அகலத்துக்கு ஒரு நடை, தோள் இரண்டு பக்கமும் உரசாத குறைதான், முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது, திரும்பினால் சட்டென்று வளைவுக் கூரை போட்ட சின்ன அறை. சுவரில் விளக்கு வைப்பதற்கென்று குடைந்த பிறைகள் இருக்கின்றன, கார்த்திகைக்கு அகல் வைக்கும் மாடக்குழி மாதிரியே. வழிகாட்டி எங்களை அங்கே நிறுத்தி, ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்றார். ரோமில் தியாகிகளின் நிலத்தடிக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தவர் வில்ஃப்ரிட், இருட்டில் தடவிக்கொண்டு வருகிற பக்தனுக்குப் புனிதப் பொருள்கள் முன்னால் எரிகிற விளக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். சுவரில் கை வைத்தேன், சில்லென்று ஈரமாக இருந்தது. 1,350 வருடத்துப் பழைய சுவர். அந்த ஒரு நிமிடத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அங்கிருந்து ஹெக்ஸம் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தை அந்த அம்மா வீணாக்கவில்லை. 664-ல் விட்பியில் நடந்த சபைக் கூட்டத்தை அவர் சொன்ன விதம் அருமை. வட இங்கிலாந்தில் அப்போதிருந்த நார்தம்பிரியா ராஜ்யத்தின் அரசன் ஓஸ்வியு அயர்லாந்துத் துறவிகளின் கணக்குப்படி ஈஸ்டர் கொண்டாடுகிறான், கென்ட்டிலிருந்து வந்த ராணி ஈன்ஃப்ளெட்டுக்கோ ரோமின் கணக்கு. அதனால் அரசன் விருந்து சாப்பிடும் நாளில் ராணி இன்னும் நோன்பில் இருக்கிறாள், ஒரே அரண்மனைக்குள்! அந்தக் கூட்டத்தில் ரோமுக்காக எழுந்து பேசியவர் சுமார் முப்பது வயதே ஆன வில்ஃப்ரிட், எதிரே லிண்டிஸ்ஃபார்ன் பிஷப் கோல்மன். சொர்க்கத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அரசன் கேட்க, ரோம் சபை தன் தலைவராகக் கொண்டாடும் பேதுருவிடம் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள, அப்படியானால் அந்த வாயில்காப்பவரை நான் பகைத்துக்கொள்ள மாட்டேன் என்று அரசன் முடிவு சொல்லிவிட்டான். ஜெயித்த வில்ஃப்ரிட் பிஷப் பட்டம் வாங்கப் பிரான்சில் இருக்கும் கொம்பியேன் வரை போனார், அங்கே தங்க நாற்காலியில் உட்காரவைத்து பிஷப்புகளே தூக்கிவந்தார்களாம். ஆனால் ஊர் திரும்பத் தாமதமாக்கியதில், அவருடைய இடத்தில் சாட் என்பவரை யார்க் பிஷப்பாக உட்காரவைத்துவிட்டார்கள். 669-ல் ஆர்ச்பிஷப் தியோடர் வந்துதான் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு குறை இங்கே உண்டு. இந்தத் தங்க நாற்காலிக் கதையை எழுதிய ஸ்டீபன் வில்ஃப்ரிட்டின் ஆள், தலைவரைப் பற்றி மனம் நிறைந்து எழுதியவர். அதே காலத்துப் பீட் என்ற துறவி எழுதியதில் அவ்வளவு குழைவு இருக்காது. எந்தக் கதை யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்பவர்களுக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும்.

ஹெக்ஸமுக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கிடைத்தது முக்கால் மணி நேரம், அது போதவே போதாது. இங்கே நிலவறை முழுக்க ரோமானியக் கற்கள், பக்கத்திலிருக்கும் கார்பிரிட்ஜில் பாழடைந்து கிடந்த ரோமானிய ஊரிலிருந்து எடுத்துவந்து அடுக்கியவை. இலை கொடி செதுக்கிய கல் ஒன்று சுவரில் தலைகீழாக இருந்தாலும் கட்டியவர்கள் கவலைப்படவில்லை. நடைக்கு மேலே கூரையாகப் போட்ட ஒரு பலகைக் கல்லில் பேரரசர் செவெரஸ், அவருடைய மகன்கள் பெயர் பொறித்திருக்கிறது. அதில் இளையவன் கேட்டாவின் பெயர் மட்டும் உளியால் சுரண்டப்பட்டிருக்கிறது. அண்ணன் கரகல்லா 211-ல் தம்பியைக் கொன்றபின், எங்கெல்லாம் அவன் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் அழிக்கச் சொன்னான், அந்த உத்தரவு இந்தக் குளிர்காட்டு எல்லை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் மேலே வாங்க என்று கூப்பிட்டுவிட்டார்கள். வில்ஃப்ரிட்டின் நாற்காலி என்று சொல்லும் கல் ஆசனத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, ரோமானியக் கொடிவீரன் ஃப்ளாவினஸின் பெரிய கல்லறைக் கல்லை ஓடிக்கொண்டேதான் பார்த்தேன்.

அப்புறம் அந்த விடுபட்ட பகுதி. ஹெக்ஸம் நிலத்தைக் கொடுத்தவர் ராணி எதெல்த்ரித். அவர் கணவனை விட்டுத் துறவியாகப் போக ஆதரவாக நின்றவர் வில்ஃப்ரிட், அந்தக் கணவன்தான் ஓஸ்வியுவுக்குப் பின் வந்த நார்தம்பிரியா அரசன் எக்ஃப்ரித். 678-ல் அரசன் வில்ஃப்ரிட்டைத் துரத்திவிட்டான், அவருடைய பெரிய மறைமாவட்டத்தையும் பிரித்தாயிற்று. ரோம் வரை போய்ப் போப்பிடம் நியாயம் கேட்டு ஓலை வாங்கி வந்தார், வந்தவரைச் சிறையில் போட்டார்கள். டூரில் இதற்கெல்லாம் இரண்டே வாக்கியம், "சில வருடங்கள் தெற்கே இருந்தார்" என்று முடிந்துவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தெற்கு என்பது சசெக்ஸ், தென்கடற்கரையில் இருந்த தனி ராஜ்யம், திரும்பும் வழியில் அதைப் பற்றிச் சொல்லுங்களேன் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! மூன்று வருடம் மழையில்லாமல், பசி தாங்காமல், நாற்பது ஐம்பது பேராகக் கைகோத்துக்கொண்டு மக்கள் பாறை முனையிலிருந்து குதித்துச் செத்த ஊர் அது என்று பீட் எழுதுகிறார். கடல் கால்மாட்டில் இருந்தும் விலாங்கு பிடிப்பதைத் தவிர அவர்களுக்கு மீன்பிடிக்கத் தெரியவில்லை. வில்ஃப்ரிட்டின் ஆட்கள் ஊரில் இருந்த விலாங்கு வலைகளையெல்லாம் கேட்டு வாங்கிக் கடலில் வீசினார்கள், முந்நூறு மீன் விழுந்தது. அதை மூன்று பங்கு வைத்தார்கள்: ஏழைகளுக்கு ஒன்று, வலை கொடுத்தவர்களுக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று. சசெக்ஸ் அரசன் செல்சியில் 87 குடும்பம் வாழும் அளவு நிலம் கொடுத்தபோது அதோடு சேர்ந்து வந்த 250 அடிமைகளையும், ஆண் பெண் அத்தனை பேரையும், ஞானஸ்நானம் கொடுத்து விடுதலை செய்துவிட்டார். இளவயதில் இவர் வந்த கப்பல் கரைதட்டியபோது கொள்ளையடிக்கப் பாய்ந்து வந்தவர்களும் இதே சசெக்ஸ் கடற்கரைக்காரர்கள்தான்.

பதவிக்காக வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர், கையில் பதவியே இல்லாத காலத்தில் செய்த வேலை இது. இதைச் சொல்லாமல் வில்ஃப்ரிட்டைக் காட்டினால் கட்டடம் கட்டிய பெரிய மனிதர் ஒருவர்தான் தெரிவார்.

போகிறவர்களுக்கு: இரண்டு இடத்திலும் நுழைவுக் கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டி இருக்கிறது. முட்டிவலி இருந்தால் யோசியுங்கள், ஹெக்ஸம் படிகள் செங்குத்து. இடுக்கான இடம் ஆகாது என்றால் ரிப்பன் நடைக்குள் போக வேண்டாம். தனியாகப் போவதானால் ஹெக்ஸம் நிலவறை எந்நேரமும் திறந்திருக்காது, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த டூரில் போனால் வேனில் ஏறி உட்கார்ந்ததுமே சசெக்ஸ் கதையைக் கேட்டுவிடுங்கள், நான் திரும்பும்போது கேட்டதால் முடிவதற்குள் யார்க் வந்துவிட்டது.