ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க 6,800 ரூபாய் அழுதேன், விண்ணப்பமே போடவில்லை: ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மாலைதான் உறுதியாகத் தெரிந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி என்னிடம் 6,800 ரூபாய் வாங்கிய ஆன்லைன் சேவை மையம், என் பெயரில் இன்று வரை ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. அவர்கள் கொடுத்த ஒப்புகைச் சீட்டில் இருந்த எண், முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) விண்ணப்பத்தின் எண். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானும் விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எந்த ஊரிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடை வரிசை இருக்கும்: ஜெராக்ஸ், டீக்கடை, இன்சூரன்ஸ் போடுபவர், டிரைவிங் ஸ்கூல், இவற்றுக்கு நடுவே 'சேவை மையம்' என்று அரசு அலுவலகம் போலவே பச்சைப் பலகை மாட்டிய ஒரு தனியார் கடை. அந்த வகைக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. இருசக்கர வாகனம் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் நகராது. என் உரிமம் 2005-இல் எடுத்தது. அன்றைய சட்டப்படி 20 ஆண்டுகள் அல்லது 50 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும் என்பதால், 2025 நவம்பரில் காலாவதியாக வேண்டிய அட்டை. முன்பெல்லாம் காலாவதிக்குப் பிறகும் 30 நாட்கள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே திருத்தம் காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே ஆகஸ்ட் மாதமே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் நானே, ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் 'சாரதி' இணையதளத்தில் முயன்றேன். உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், அப்படி ஒரு பதிவே இல்லை என்றது. என்னுடையது கணினிக்கு முந்தைய காலத்தின் லேமினேட் செய்த அட்டை. பழைய பதிவேட்டில் இருக்கும் விவரத்தை, உரிமம் வழங்கிய அலுவலகமே 'பேக்லாக் என்ட்ரி' என்ற பெயரில் கணினியில் ஏற்றினால்தான் புதுப்பிக்க முடியும். சரி என்று உரிமம் எடுத்த அலுவலகத்துக்குப் போனேன். மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பகுதியின் பதிவேடுகள் புதிய அலுவலகத்துக்குப் போய்விட்டன என்றார்கள். புதிய அலுவலகத்திலோ, 2005-ஆம் ஆண்டுப் பதிவேடு தங்களுக்கு வந்து சேரவில்லை, பழைய அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் எழுத்துமூலம் பதில் கேட்டேன். இரண்டு இடத்திலும் "எழுதியெல்லாம் தர முடியாது சார்" என்பதை மட்டும் தயக்கமில்லாமல் சொன்னார்கள். விடுப்பு போட்டுவிட்டு வந்தவன், கவுன்ட்டர் கண்ணாடியில் குடைந்த அரைவட்ட ஓட்டைக்குள் குனிந்து குனிந்து பேசி, எழுத்தருடைய முகத்தைக்கூட முழுதாகப் பார்க்காமல் திரும்பினேன்.

இப்படி வெளியே வந்து நிற்பவனுக்காகவே அந்தக் கடை அங்கே இருக்கிறது.

அந்தக் கடைக்காரர் என்னைக் கூப்பிடவில்லை, வற்புறுத்தவில்லை. நான் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பேக்லாக் கேஸா சார்? ரெண்டு ஆபீஸுக்கும் அலைய விட்டிருப்பாங்களே" என்றார். காலையிலிருந்து எனக்கு நடந்ததை ஒரே வரியில் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் உள்ளே வந்து, மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஒன்றை எடுக்கச் சொல்லி, அதிலிருந்த தன் புது அட்டையை உருவிக்கொண்டு, "தம்பிகிட்ட கொடுத்தா வேலை முடிஞ்ச மாதிரிதான் சார்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில் மட்டுமே வீட்டுக்கு வருகின்றன, கையில் கொடுப்பதில்லை. அப்படியிருக்க அந்த இழுப்பறையில் இத்தனை அட்டைகள் எப்படி என்ற கேள்வி, அன்று அந்த ரப்பர் பேண்டுக் கட்டு கொடுத்த நம்பிக்கையில் எழவில்லை.

மொத்தம் 6,800 ரூபாய் என்றார். விதிப்படி புதுப்பிக்கும் கட்டணம் 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். சேவைக் கட்டணம் சேர்த்தாலும் ஆயிரத்தை எட்டாது. அதை நான் சொன்னபோது அவர் மறுக்கவே இல்லை. "அது சிஸ்டத்துல ரெக்கார்ட் இருக்கறவங்களுக்கு சார். உங்களுக்குப் பதிவேட்டைத் தேடி எடுக்கணும்" என்றார். நான் 40 வயதைக் கடந்தவன் என்பதால் படிவம் 1-ஏ மருத்துவச் சான்றும் தேவை. அதையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். முழுப் பணத்தை நான் எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "இப்ப 3,500 போதும் சார். மீதி என்ட்ரி ஏறினதும் கொடுங்க." முன்பணத்தை வேண்டாம் என்று தள்ளுகிற மனிதரை யார் சந்தேகிப்பார்கள்? இந்தத் தொழிலில் கற்றுத் தேர்ந்த பாடமே அந்தக் கைதான் என்பது இப்போது தெரிகிறது. ஒரு வாரம் கழித்து "என்ட்ரி ஏறிடுச்சு சார்" என்று தொலைபேசியில் சொல்லி, மீதி 3,300 ரூபாயை ஜி-பேயில் வாங்கிக்கொண்டார். பணம் போய்ச் சேர்ந்தது கடையின் பெயருக்கு அல்ல, ஒரு பெண்ணின் பெயரில் இருந்த கணக்குக்கு. "அண்ணி நம்பர் சார்."

இன்னொன்றையும் அப்போதே செய்தார். விண்ணப்பத்தில் என் கைப்பேசி எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணைப் போட்டதாகச் சொன்னார். ஓ.டி.பி. வரும்போதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். அசல் உரிமத்தையும் "ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அரசின் முத்திரை அச்சடித்த ஒப்புகைச் சீட்டு ஒன்று வாட்ஸாப்பில் வந்தது.

அதன் பிறகு ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் இணையதளத்தில் போட்டால் விவரம் பொருந்தவில்லை என்று வந்தது. "சர்வர் அப்டேட் ஆகலை சார்" என்றார். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் பயிற்சிக்குப் போயிருந்தார். பிறகு ஸ்மார்ட் கார்டு இருப்பு இல்லை. பிறகு ஆயுத பூஜை, அதையடுத்து தீபாவளி. நவம்பரில் உரிமம் காலாவதியான அன்று நேரில் போய் நின்றபோது, அட்டை தபாலில் கிளம்பிவிட்டது, போஸ்ட்மேனைக் கேளுங்கள் என்றார். எங்கள் பகுதித் தபால்காரர் பாவம், என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பும் நிலைக்கு வந்தார். விரைவுத் தபால் எண்ணைக் கேட்டபோதெல்லாம் "அனுப்புறேன் சார்" என்று பதில் வந்தது, எண் வரவில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். எனவே இந்த மாதங்கள் முழுக்க மாதிரி மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இலக்கு எட்டாத மாதத்துக்கு ஊக்கத்தொகையும் இல்லை. அந்தக் கணக்கை 6,800 ரூபாயில் நான் சேர்க்கவே இல்லை.

நேற்று, உரிமம் எடுத்த பழைய அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் ஓர் அலுவலர், என் ஒப்புகைச் சீட்டைப் பொறுமையாக வாங்கி எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இது ஒரு பொண்ணோட எல்.எல்.ஆர். சார். உங்க பேர்ல அப்ளிகேஷனே இல்லை. பேக்லாக்கும் ஏறலை" என்றார். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து 2005-ஆம் ஆண்டின் தடித்த பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அதில் என் பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது, மீசை அரும்பிய காலத்துப் புகைப்படமும் இருந்தது. இல்லவே இல்லை என்று இரண்டு அலுவலகங்களும் சாதித்த பதிவேடு, அதே அறையில், கவுன்ட்டரிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. கடைக்காரர் மீது இருக்கும் கோபத்தில் பாதி எனக்கு அந்த அலமாரியின் மீதும் இருக்கிறது.

நேரே கடைக்குப் போனேன். என்னிடம் பேசியவர் இல்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கல்லாவில் இருந்த பெரியவர் என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல், "எங்க ரசீது இருக்கா?" என்று கேட்டார். ஜி-பே விவரத்தைக் காட்டினேன். "இது எங்க கடை கணக்கே இல்லையே." அசல் உரிமத்தையாவது கொடுங்கள் என்றேன். தேடிப் பார்த்துச் சொல்வாராம். குரலை உயர்த்தியபோது தொனி மாறியது: "6,800-ல எங்க கையில என்ன நின்னுச்சு? உள்ள கொடுத்தது போக மிச்சம் என்னன்னு நினைக்கறீங்க?" விண்ணப்பமே போடாத வேலைக்கு உள்ளே யாருக்கு எதைக் கொடுத்தார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். "சின்ன அமவுண்ட் சார், பேசித் தீர்த்துக்கலாமே" என்று தொடங்கி, கடைசியில் வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். 6,800 ரூபாய் அவர்களுக்குச் சின்னத் தொகை. அதைச் சம்பாதிக்க எனக்கு எத்தனை மருத்துவர்களின் வாசலில் காத்திருக்க வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய நியாயமில்லை.

நண்பர்கள் சிலர், "ஏஜென்டிடம் ஏன் போனாய், அலுவலகத்திலேயே இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்களே" என்கிறார்கள். வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழேதான் கடைக்காரரின் ஆட்கள் கோப்புகளோடு நிற்கிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காகிதம் வாங்குகிறார், வரிசையில் நிற்கும் நமக்கு நாளை வரச் சொல்கிறார். நேர்வழியில் போனவனுக்கு ஒரு பதிவேட்டை எடுத்துக் காட்டியிருந்தால் அந்தக் கடைக்கு என்ன வேலை?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்: விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைத் தவிர வேறு எண்ணைப் போட விடாதீர்கள். இணையதள முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். கட்டணத்தை அதற்குள்ளேயே கட்டி, ரசீதை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். 2005 வாக்கில் எடுத்த பழைய அட்டை வைத்திருப்பவர்கள், காலாவதி நெருங்கும் வரை காத்திராமல் உங்கள் எண் சாரதியில் இருக்கிறதா என்று இன்றே தட்டிப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். பதிவேடு இல்லை என்று சொன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 30 நாளில் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பணம் ஆன்லைனில் போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. என் 6,800 ரூபாய்க்கு நான் போகப் போவது அங்கேதான். அசல் உரிமத்தை ஸ்கேன் எடுக்க என்றுகூட எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். அவர்கள் திருப்பித் தராவிட்டால், தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் இன்னொரு சான்று வாங்க மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். திங்கட்கிழமை நான் அதற்குத்தான் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.