விமான டேங்க் ரிப்பேர்: துணியை மூடும் முன் நேரில் போய்ப் பாருங்கள்

துணி போர்த்திய சிறிய விமானம் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அந்தச் சிலருக்காகவே இதை எழுதுகிறேன். வாளையாரைத் தாண்டிப் பாலக்காடு போகும் வழியில், இந்த வேலை தெரியும் என்று சொல்லிப் பணம் வாங்கும் ஒரு பட்டறை என்னையும் என் மைத்துனரையும் ஏமாற்றிவிட்டது. பணம் போனதைவிட, உயிரே போயிருக்கும் என்பதுதான் ஆறவில்லை.

எங்கள் மைக்ரோலைட்டின் (எடை குறைந்த சிறிய விமானம்) இடது இறக்கையில், அடித்துணியில் நீலக் கறை படர்ந்தது. விமானப் பெட்ரோலான 100எல்எல்லில் நீலச் சாயம் கலந்திருக்கும், அதனால் கசிவைக் கறையே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் அலுமினிய டேங்க் ஜாயின்டில் ஒழுகுகிறது என்பது தெரிந்தது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வலுத்தால் எப்படியும் பறக்க மாட்டோம். அந்த நேரத்தில் வேலை முடியட்டும் என்று இறக்கையைக் கழற்றி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். “டேங்க வெளிய எடுத்து, வெல்டிங் வச்சு, பிரஷர் டெஸ்ட் பண்ணித் தரேன் சாரே” என்றார் பட்டறைக்காரர். 38,000 ரூபாய் பில்லிலும் அதையேதான் எழுதினார்.

திரும்பி வந்த இறக்கையில் புதுத் துணி ஒட்டிய இடம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மழைக்கால ஈரக்காற்றில் டோப் (துணியை இறுக்கிக் கெட்டிப்படுத்தும் பூச்சு) அடித்தால் அப்படித்தான் பூக்கும், அந்தப் பூச்சுக்கு வலுவும் இருக்காது. மைத்துனருக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. இறக்கையை மாட்டி, விமானத்தைத் தரையில் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சுற்றும் வேகம் விழுந்தது. ஃபில்டரைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் தோல் தோலாகத் துணுக்குகள். தென்னந்தோப்புகளுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் இறங்க இடம் ஏது?

துணியை அறுத்தோம். டேங்கைக் கட்டியிருந்த பட்டைகளின் திருகுகளில் பழைய அழுக்குகூட அப்படியே இருந்தது. வெல்டிங் வைத்த தடயமே இல்லை. வெளியே எபாக்ஸி பசையை அப்பியிருந்தார்கள். மூடி வழியாக சீலன்ட் (ஒழுகலை உள்ளிருந்து அடைக்கும் கூழ்) ஊற்றி இறக்கையை ஆட்டிவிட்டிருக்கிறார்கள். சுத்தம் செய்யாத உலோகத்தில் சீலன்ட் பிடிக்காது, உரிந்து குழாயை அடைக்கும். பங்க் பெட்ரோல் ஊற்றுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். அதில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால், பழைய வகை சீலன்டுகளை அது கரைத்தேவிடும்.

முறையான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டேங்க் வெளியே வர வேண்டும். வெந்நீரில் அலசி, அரை மணி நேரமாவது நீராவி செலுத்தாமல் நெருப்பைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. காலி டேங்கில் தேங்கும் ஆவி வெடிக்கும். எல்லா அலுமினியத்துக்கும் வெல்டிங் ஆகாது. 3003, 5052 வகைகளுக்கு ஆகும், சூட்டுப் பதம் ஏற்றிய கலவைகளைப் பெரும்பாலும் ரிவெட்தான் அடிப்பார்கள். வெல்டிங்குக்கு ஃப்ளக்ஸ் (உலோகம் நன்றாக ஒட்டத் தடவும் ரசாயனம்) போட்டிருந்தால் அதை மிச்சமில்லாமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அது உலோகத்தை அரிக்கும். அப்புறம் மூன்றரை பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். துணியை அதற்கு முன் மூட விடாதீர்கள். வேலைக்குக் கையெழுத்துப் போடும் உரிமம் பெற்ற பொறியாளர் யார் என்று முதலிலேயே கேளுங்கள். எங்களிடம் “அவர் வருவார், வருவார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசிவரை வரவில்லை.

பணத்தைக் கேட்டதற்கு, “பழைய டேங்க், நாங்க என்ன பண்ண முடியும்?” என்று பதில் வந்தது. பில், போட்டோக்கள், ஒரு பாட்டிலில் அந்தத் துணுக்குகள் எல்லாவற்றையும் வைத்துப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. அந்த வழியில் யாராவது இறக்கை கொடுத்திருந்தால், இன்றைக்கே போய் டேங்கைக் காட்டச் சொல்லுங்கள்.