கையால் ஓட்டினால் ஓடும், பூட் ஆகும்போது ஓடாது: சிஸ்டம்டியுடன் சில வருட அனுபவம்

டெர்மினலில் ஒழுங்காக ஓடுகிற ஸ்கிரிப்ட், சர்வரை ரீபூட் செய்தால் மட்டும் ஏன் சத்தமே இல்லாமல் செத்துக் கிடக்கிறது? லினக்ஸ் பூட் ஆகும்போது சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி (systemd). உபுண்டு 15.04-இல் அது வந்ததிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறேன். பூட் முடிவில் ஓட வேண்டிய கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதிவைக்கும் பழைய ஆர்சி.லோக்கல் (rc.local) முறைக்குத் திரும்ப எனக்கு விருப்பமே இல்லை, ஏனென்றால் அங்கே எந்த வரியில் நின்றது என்று கண்டுபிடிப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

ஸ்கிரிப்ட் ஓடாததற்குப் பெரும்பாலும் சூழல்தான் காரணம். நாம் லாகின் செய்யும்போது பாஷ் ஷெல் ஏற்றித்தருகிற பாத் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்), நாமே எழுதிவைத்த மாறிகள் எதுவும் பூட் நேரத்தில் கிடையாது, வேலை நடக்கும் டைரக்டரியும் ரூட்தான். அதனால் ஸ்கிரிப்டுக்குள் கோப்புகளுக்கும் கட்டளைகளுக்கும் முழுப் பாதை கொடுங்கள், தேவையான மாறிகளை யூனிட் கோப்பிலேயே (எதை, எப்போது, எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) எழுதிவிடுங்கள். சர்வீஸின் ஸ்டேட்டஸில் 203 என்று வந்தால் ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை என்று பொருள்: எக்ஸிக்யூட் பர்மிஷன் இல்லை, அல்லது முதல் வரியில் பிழை. விண்டோஸில் எழுதி அப்படியே காப்பி செய்த கோப்பில் வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற மறை எழுத்துகூட இதே பிழையைத்தான் தரும், கண்ணுக்கும் தெரியாது.

அடுத்து நெட்வொர்க். யூனிட் கோப்பில் 'ஆஃப்டர்' என்று போட்டு நெட்வொர்க் டார்கெட்டைக் (டார்கெட் என்பது பூட்டில் எட்ட வேண்டிய ஒரு கட்டம்) கொடுத்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்த டார்கெட் ஐபி முகவரி கிடைத்துவிட்டது என்று உறுதி தருவதில்லை. அதற்கு நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட் வேண்டும், அதையும் 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் எழுத வேண்டும், 'ஆஃப்டர்' வரிசையை மட்டும்தான் சொல்லும், யாரையும் எழுப்பிவிடாது. இதற்குப் பதிலாக ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் ஸ்லீப் 30 (30 விநாடி சும்மா காத்திரு) போடுவது எனக்குத் துளியும் பிடிக்காத வழி. இன்றைக்கு ஓடும், சுவிட்ச் மெதுவாக எழும்பும் நாளில் மறுபடி விழும்.

இந்த ஆன்லைன் டார்கெட்டுக்கும் ஒரு விலை உண்டு. கேபிள் செருகாத இரண்டாவது நெட்வொர்க் போர்ட் இருக்கிற சர்வரில் அது 2 நிமிடம் வரை பூட்டை இழுத்துவிடும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் அந்தப் போர்ட்டை 'ஆப்ஷனல்' என்று குறித்துவிட்டால் சரியாகிவிடும். அதே மாதிரி, கழற்றிய டிஸ்க் எஃப்எஸ்டேப்பில் (fstab, பூட்டில் இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) இன்னும் இருந்தால் 90 விநாடி காத்திருந்துவிட்டு வழக்கமான சர்வீஸ்கள் எதுவும் ஓடாத எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். வெளி டிஸ்குகளுக்கு 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் குறிப்பு) போடாமல் விடாதீர்கள், தொலைவில் இருக்கும் மெஷின் என்றால் கண்டிப்பாக.

பூட்டில் எதில் நேரம் போகிறது என்று பார்க்க சிஸ்டம்டி அனலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதில் ஒவ்வொரு சர்வீஸும் எடுத்த நேரத்தைக் காட்டும் 'பிளேம்' பட்டியலை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், பல சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் ஓடுவதால் அந்த எண்கள் குழப்பும். 'கிரிட்டிக்கல் செயின்'தான் யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்று காட்டும். அப்புறம், முந்தைய பூட்டின் லாக் வேண்டுமென்றால் சிஸ்டம்டியின் லாக் தொகுப்பான ஜர்னல் டிஸ்கில் சேமிக்கப்பட வேண்டும், லாக் டைரக்டரிக்குள் (/var/log) ஜர்னல் (journal) என்ற டைரக்டரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, ஒரு குறிப்பிட்ட யூசரின் பெயரில் அவருக்காக ஓடும் யூசர் சர்வீஸ்தான். எனேபிள் செய்துவிட்டோம், பூட் ஆனதும் ஓடும் என்று இருந்தால், அந்த யூசர் லாகின் செய்யும்வரை அது தொடங்காது. லாகின் இல்லாமலே யூசரின் சர்வீஸ்களை ஓடவிடும் 'லிங்கர்' அமைப்பை அந்த யூசருக்கு இயக்கிவிட்டால் போதும், ஆனால் எனேபிள் செய்யும்போதே ஒரு வரி எச்சரிக்கை காட்டியிருக்கலாம்.